புழுக்கத்தின் கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தினமும் ஒரு பட்டியல் வரும். ‘இன்று சதமடித்த ஊர்கள்’ என்று தலைப்புப் போட்டு, 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய இடங்களை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு வேலூர், கரூர் பரமத்தி, ஈரோடு, திருத்தணி என்று போட்டி நடக்கும். தஞ்சாவூர் பட்டியலில் ஏறும் நாட்களிலும் பெரும்பாலும் நடுவிலோ அடியிலோதான் நிற்கும். கடலோர நாகப்பட்டினம் பல நாள் எட்டியே பார்க்காது. காவிரி பாயும் பூமி, ஆற்றங்கரைக் காற்று, தென்னந்தோப்பு, அவர்களுக்கென்ன குறை என்று வேலூர்க்காரர் பெருமூச்சு விடலாம்.

அவரை ஒரு மே மாத மதியம் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நிற்கவைத்தால் போதும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். துடைக்கத் துடைக்கக் கழுத்தில் ஈரம் காயாது. வேலூரில் வெயில் சுடும், இங்கே அவிக்கும். ‘ஒரே இறுக்கமா இருக்கு’ என்று டெல்டாக்காரர்கள் சொல்வது இதைத்தான். பட்டியலில் வரும் டிகிரி சொல்லாத ஒன்றை உடம்பு சொல்கிறது. அதை எப்படி அளப்பது, அதில் எத்தனை பேர் எத்தனை நாள் அகப்படுகிறார்கள் என்று எப்படி எண்ணுவது? வெப்ப ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. மூட்டை தூக்கினாலோ, குனிந்து நாற்று நட்டாலோ அது மூன்று நான்கு மடங்காகும். சுற்றுக்காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரை இந்த வெப்பம் தோல் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். காற்றின் சூடு 35 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தோலுக்கும் காற்றுக்கும் இடையே வித்தியாசமே இல்லாமல் போகிறது. அதற்கு மேல் உடம்புக்கு இருப்பது ஒரே வாசல், வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியானால்தான் கணக்கு. சொட்டி மண்ணில் விழுந்த வியர்வையால் உடம்பு நீரையும் உப்பையும் இழக்கிறதே தவிர, குளிர்வதில்லை.

மண்பானை வைத்திருக்கும் வீடுகளில் இந்த இயற்பியல் தெரிந்த விஷயம்தான். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கிறது. வறண்ட காற்றடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் பல் கூசும். ஈரக்காற்று நாளில் அதே பானை சோர்ந்துவிடும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் புதிதாக வரும் நீராவிக்கு இடமில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்கிறார்கள். ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதன் அடிமட்டம் அது.

ராஜஸ்தானத்து ஊர் ஒன்றில் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் காட்டுவது சுமார் 22. கடற்காற்று ஏறிய நாகப்பட்டினத்து மதியத்தில் வெயில் 36 டிகிரிதான், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால்? ஈரக்குமிழ் 29ஐத் தாண்டிவிடும். பத்திரிகைப் பட்டியலில் முதல் ஊருக்கு இடம் உண்டு. இரண்டாவது ஊர் சதமே அடிக்கவில்லை. உடம்பின் கணக்கில் நிலைமை தலைகீழ்.

எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து? 1905ஆம் ஆண்டிலேயே ஜே. எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் இதற்கு விடை தேடி இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களுக்குள் இறங்கினார். காற்றோட்டமில்லாத இடத்தில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்பவருக்கும் உடல் சூடு ஏறத் தொடங்குகிறது என்று எழுதிவைத்தார். பிறகு அந்த எண் நூற்றாண்டுக் காலம் மூலையில் கிடந்தது. 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கோட்பாட்டளவில் வரம்பு 35 டிகிரி என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். ஊடகங்கள் அந்த 35ஐப் பிடித்துக்கொண்டன. 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளவயது ஆரோக்கியசாலிகளுக்கு, உடல் சூட்டை வானொலி அலையாக அனுப்பும் மாத்திரையை விழுங்கக் கொடுத்து, வெப்ப அறைக்குள் லேசான வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். ஈரக்காற்றில் சுமார் 31 டிகிரியிலேயே அவர்கள் உடம்பு தோற்றுப்போனது. ஹால்டேன் சொன்னது சரிதான் என்றாயிற்று. அவர்கள் எல்லாரும் திடகாத்திரமான இளைஞர்கள். அறுபது வயது நடவுக்காரரின் வரம்பு அதைவிடக் கீழேதான் இருக்கும்.

ஈரக்குமிழும் முழுக்கதையைச் சொல்வதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பங்குனி, சித்திரையில் நண்பகலில் போனவர்களுக்குக் காரணம் தெரியும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் திறந்த முற்றத்தில் கால்வைத்ததும் உள்ளங்கால் பொசுங்கும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, விரிப்புப் போட்ட பாதையைத் தேடி ஓடுபவர்களைப் பார்க்கலாம். காற்றின் சூடு 37 டிகிரியாக இருக்கும்போதே வெயிலில் காயும் கல்தரை அதைவிட வெகுவாகச் சூடேறி, அந்தச் சூட்டை மேல்நோக்கி வீசுகிறது. மேலிருந்து சூரியன், கீழிருந்து கல். பத்தடி தள்ளி, ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் இராமன் கட்டியதாகக் கல்வெட்டு சொல்லும் திருச்சுற்று மாளிகைத் தூண்களின் நிழலில் போய் உட்கார்ந்தால் அதே காற்று, அதே ஈரப்பதம், வேறு உலகம்.

இந்தக் கதிர்வீச்சுச் சூட்டையும் சேர்த்து அளக்கும் முறை ஒன்று அமெரிக்க ராணுவத்தில் பிறந்தது. 1950களில் தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் பயிற்சிக்கு வந்த கடற்படைக் காலாட்படை இளைஞர்கள் வெயிலில் கொத்துக்கொத்தாகச் சுருண்டு விழுந்தார்கள். யாக்லூ, மினார்ட் ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்ட சூத்திரம் எளிமையானது. ஈரக்குமிழுக்கு 70 சதவீத மதிப்பெண், கறுப்பு வண்ணம் பூசிய செப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானிக்கு 20, வழக்கமான வெப்பமானிக்கு 10. மூன்றையும் கூட்டினால் வருவது ‘ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை’. தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு எது முக்கியம் என்பதை இந்த மதிப்பெண்களே சொல்லிவிடுகின்றன. நாம் தினமும் செய்தியில் கேட்கும் எண்ணுக்கு இதில் கிடைப்பது நூற்றுக்குப் பத்துதான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகளில் அந்தக் கறுப்புக் கோளத்தை வைத்தால் என்ன காட்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். மூசையை இடுக்கியால் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் அச்சில் ஊற்றுகிறவர் வெற்றுடம்போடு உலைக்கு எதிரே நிற்கிறார். காற்றோட்டத்துக்காக வேகமாக மின்விசிறி போடவும் தயங்குவார்கள். உலோகம் சீராக ஆறவேண்டும். வானிலைச் சூடும் தொழிலின் சூடும் ஒரே உடம்பில் வந்து சேரும் இடம் அது. புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் இடத்திலும், டீக்கடை பாய்லருக்குப் பின்னாலும், பரோட்டாக் கல்லுக்கு முன்னாலும் இதே கதைதான்.

உலக அளவில் இந்த அளவுகோலை வைத்து மனிதர்களை எண்ணிப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. காஸ்கேட் டுஹோல்ஸ்கேயும் குழுவினரும் 13,115 நகர்ப்புறக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, 1983 முதல் 2016 வரை ஒவ்வொரு நாளும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டியதா என்று பார்த்தார்கள். தாண்டிய நாட்களை அங்கே வசித்த மக்கள்தொகையால் பெருக்கினார்கள். கிடைத்த அலகு ஆள்நாள். நடவுக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று காலங்காலமாகக் கணக்குப் போடும் டெல்டாவுக்கு இது புரியாத அலகில்லை. 1983இல் ஆண்டுக்கு சுமார் 4,000 கோடி ஆள்நாட்களாக இருந்தது 2016இல் 11,900 கோடியாகியிருந்தது. ஏறத்தாழ மூன்று மடங்கு. கூடியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு நகரங்களில் மக்கள் பெருகியதே காரணம். மீதி, நகரங்கள் சூடேறியதால் வந்தது. பட்டியலின் உச்சியில் டாக்கா. அங்கே பெரும்பகுதி உயர்வு ஊர் பெருத்ததால் வந்தது. கொல்கத்தா, மும்பை போன்ற நகரங்களில் இரண்டு காரணங்களும் கிட்டத்தட்டச் சரிபாதி.

தஞ்சாவூரை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரில் சுமார் 2.15 லட்சம் பேர், 2011இல் 2.22 லட்சம். பத்தாண்டில் ஏழாயிரம் பேர் கூடியது ஒரு வளர்ச்சியா என்று டாக்காக்காரர் சிரிப்பார். 2014இல் மாநகராட்சி ஆனபிறகும் ஊரின் வேகம் ஊரின் வேகம்தான். வரம்பு தாண்டிய ஒரு நாள் என்பது இங்கே 2.22 லட்சம் ஆள்நாள். அப்படி நூறு நாள் வந்தால் 2.22 கோடி. மக்கள் பெருகாத ஊரில் இந்தத் தொகை ஏற ஒரே வழிதான் உண்டு: நாட்கள் கூடவேண்டும்.

இந்த முறையின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் தஞ்சாவூரில்தான் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஆய்வின் செயற்கைக்கோள் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் சதுரம். ஊரின் பரப்பே சுமார் 36 சதுர கிலோமீட்டர். கீழவாசலின் நெருக்கமான சந்துகளும், மருத்துவக் கல்லூரிச் சாலையின் மரங்களும், சிவகங்கைப் பூங்காவும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கி, எல்லாருக்கும் ஒரே எண் கிடைக்கிறது. தகரக் கொட்டகைக்குக் கீழே இருப்பவரும் ஏசி அறைக்குள் இருப்பவரும் ஆளுக்கு ஓர் ஆள்நாள். வயதும் கணக்கில் இல்லை. டெல்டாவின் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். பல தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். வயதானால் வியர்க்கும் திறன் குறையும், தாகம் எடுப்பதும் தாமதமாகும், இதயத்துக்குச் சுமை கூடும். தலைகளை மட்டும் எண்ணினால் இது எதுவும் தெரியாது.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் வேண்டும். வெப்பத்தில் அகப்படுவது வெளியே என்று நினைக்கிறோம். டெல்டாவில் பாதிக் கதை வீட்டுக்குள் நடக்கிறது.

தென்னங்கீற்று வேய்ந்த கூரை இயற்பியல்படி அருமையான பொருள். எடை குறைவு, இடுக்குகளில் காற்று, வெப்பத்தைச் சேர்த்து வைக்கவும் தெரியாது. பொழுது சாய்ந்தால் சேர்ந்தே ஆறிவிடும். நாட்டு ஓடு அதற்கு அடுத்தபடி. கான்கிரீட் தளம் அப்படியில்லை. பகல் முழுக்கச் சூரியனைக் குடித்துவிட்டு, சில மணி நேரத் தாமதத்தோடு, ஆட்கள் படுக்கும் நேரம் பார்த்து உள்பக்கமாக விடும். மின்விசிறியைப் போட்டால் கூரையடிச் சூட்டுக்காற்றைத்தான் கீழே தள்ளும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டையும் தகரமும் பகலிலேயே உயிரை வாங்கிவிடும். ஆனால் இரவில் சீக்கிரம் ஆறிவிடும் என்பது அவற்றின் ஒரே நற்குணம்.

இதை வைத்துக்கொண்டு ‘அந்தக் காலக் கூரை வீடே சொர்க்கம்’ என்று எழுதுகிறவர்கள் கூரை வீட்டில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்ததில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக்கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்றாயிற்று. யாரும் அதை மறுத்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நிழலும் போயிற்று, கீற்றும் போயிற்று. பறந்துபோன கூரைகளுக்கு மேல் தார்ப்பாயும் தகரமும் ஏறின. 2024இல் அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டி, குடிசை இல்லாத மாநிலமாக்க நினைக்கிறது. ஒரு வீடு 360 சதுர அடி. தீக்கும் புயலுக்கும் அஞ்சாத வீடு என்பது கூலிக்காரக் குடும்பத்தின் பல தலைமுறைக் கனவு. அந்தக் கனவின் மேல் ஒரு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். வெள்ளைக் கூரை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக்கொள்கை வகுத்தது. பழைய தஞ்சாவூர் மாடிகளில் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் பதித்தவர்களுக்கு அது எந்தக் கொள்கையும் இல்லாமலே தெரிந்திருந்தது.

நகரம் சூடு, கிராமம் குளிர்ச்சி என்ற பொதுவிதியும் டெல்டாவில் சறுக்குகிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 84 இந்திய நகரங்களின் தரைச்சூட்டைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து 2017இல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். கோடைப் பகலில் பெரும்பாலான நகரங்கள் தம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தன. அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் வயல், மரம் மட்டையுள்ள ஊரைவிட அதிகமாகக் காய்வதே காரணம். இரவானதும் கதை மாறி, நகரம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டெல்டாவில் சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தபின் ஏப்ரல், மே மாதங்களில் வயலில் ஆள் விரல் நுழையும் வெடிப்பு விட்டிருக்கும். அந்தக் கரம்பில் மாடு மேய்ப்பவருக்கு நகரத்தைவிட நிழல் குறைவு. ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கல்லணை வந்து, வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து வயலேறியபின் எல்லாம் பச்சை. அப்போது வெப்பமானி ஒரு படி இறங்கும்.

இறங்குவது வெப்பமானிதான். நீர் தேங்கிய நிலம் சூரியனின் சக்தியை ஆவியாதலில் செலவழிக்கிறது; காற்று குளிர்கிறது, ஆனால் நீராவியால் நிறைகிறது. காந்திநகர் ஐஐடியின் விமல் மிஸ்ராவும் சகாக்களும் 2020இல் காட்டியது இதைத்தான்: இந்தியாவின் பாசனம் தரைச்சூட்டைக் குறைத்தாலும் ஈரத்தோடு சேர்ந்த வெப்ப அழுத்தத்தைக் கூட்டுகிறது. அவர்கள் முக்கியமாகப் பார்த்தது கங்கைச் சமவெளியை. தேங்கிய நீரில் நெல் விளையும் எந்தச் சமவெளிக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

குறுவை நடவு இந்தப் புழுக்கத்தின் நடுவில்தான் நடக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் மறைவில் இருப்பதால் டெல்டாவுக்கு ஜூனும் ஜூலையும் கோடையின் தொடர்ச்சியே. பம்புசெட் வைத்திருப்பவர்கள் அணைக்காகக் காத்திருப்பதுமில்லை. பாபநாசம், திருவிடைமருதூர் பக்கம் மே மாதத்திலேயே முன்பட்டக் குறுவை நடவைப் பார்க்கலாம். வெளிச்சம் வருவதற்குள் வயலில் இறங்குகிறார்கள். முழங்கால்வரை சேறு, முகத்துக்கு நேர்கீழே தண்ணீரின் மினுமினுப்பு, முதுகில் வெயில். குனிந்த முகத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள ஓரடிக் காற்று எந்த நிலையத்து வெப்பமானியும் அளக்காத காற்று. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடும்போது, கரையேறி நிழலில் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் கூலியிலிருந்து போகிறது. சில ஆண்டுகளாக வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் ஆட்கள் குழுக்குழுவாக நடுகிறார்கள். அவர்களுக்கும் அதே மொத்தப் பேச்சுத்தான். பெண்கள் தண்ணீர் குடிக்கவே தயங்குவார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். திறந்த வயலில் அது ஏது?

உடம்பு இதற்குக் கொடுக்கும் விலையைத் தமிழ்நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு ஏழு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி வேலை செய்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அதே குழு 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களில் கருச்சிதைவு 5 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம். வேதாரண்யத்து உப்பளத்திலும் தஞ்சாவூரின் கட்டட வேலையிலும் நடவு வயலிலும் இருக்கும் பெண்கள் இந்த எண்களைப் படித்துவிட்டு வேலைக்குப் போவதில்லை. படித்தாலும் போகாமல் இருக்க முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் போட்ட மதிப்பீட்டின்படி 2030இல் வெப்பத்தால் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும், அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம்.

இனி, எச்சரிக்கைக்கு வருவோம். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் எட்டி, அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வெப்ப அலை. மே மாத இயல்பே 37 டிகிரியை ஒட்டியிருக்கும் ஊரில் அது அறிவிக்கப்பட வேண்டுமானால் பாதரசம் 41ஐத் தாண்டவேண்டும். ‘வெப்ப இரவு’ என்று அறிவிக்கவும் பகலில் 40 டிகிரி தொட்டிருக்க வேண்டும். ஈரப்பதம் இந்த வரையறைக்குள் வருவதே இல்லை. அதனால் டெல்டாவில் மக்கள் வதங்கும் பல நாட்கள் அரசாங்கத்தின் ஏட்டில் சாதாரண நாட்கள்.

அகமதாபாத் முன்னோடி என்று எல்லாரும் சொல்வார்கள், நியாயமாகவே சொல்கிறார்கள். 2010 மே மாதம் 46.8 டிகிரி வெயில் அடித்தபோது அங்கே வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது. அது ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்களைத் தவிர்த்ததாகப் பின்னாளில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் 41, 43, 45 என்று படிப்படியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு காட்டும் அந்தத் திட்டத்தை அப்படியே கொண்டுவந்து நாகப்பட்டினத்தில் வைத்தால் விளக்கு எரிவதே அபூர்வம். குஜராத்தின் வறண்ட வெயிலுக்குத் தைத்த சட்டை அது.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல தொடக்கம். நடைமுறையில், வயலில் சுருண்டு விழுந்தவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்பட்டால் அவர் வெப்பக் கணக்கில் வரமாட்டார். வெப்பம் தன் பெயரில் கொல்வது அபூர்வம். இதயத்தின் பெயரிலும் சிறுநீரகத்தின் பெயரிலும்தான் கொல்கிறது. அகமதாபாத் தன் 1,344ஐக் கண்டுபிடித்தது சான்றிதழ்களில் காரணம் தேடி அல்ல. அந்த மாதத்து மொத்த மரணங்களை மற்ற ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு. தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளிடம் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான இறப்புகளை ஈரக்குமிழ் அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய செலவொன்றும் ஆகாது.

ஈரக்குமிழ் அளவுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். எங்கும் போகவேண்டாம். 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேளாண் வானிலைக் கூடம் இருக்கிறது. இத்தகைய கூடங்களில் வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் குமிழில் மஸ்லின் துணி சுற்றி, அதன் நூல் கீழே ஒரு சிறு குப்பித் தண்ணீரில் தொங்கும். காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் ஒருவர் வந்து இரண்டையும் படித்து ஏட்டில் குறிப்பது வழக்கம். நெல்லுக்கு அந்த எண் தேவை. குலைநோய் வருமா என்று கணிக்க ஈரப்பதம் வேண்டும். பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துக் கதிர் பதராகிவிடும். காற்றில் ஈரம் மிகுந்தால் கதிரும் நீரை ஆவியாக்கிக் குளிர முடியாமல் மேலும் சூடேறும்.

பயிருக்காக நூறு ஆண்டு அனுபவத்தோடு எடுக்கப்படும் அந்த மதிய 2 மணி எண்ணை, அதே பயிரை நடுகிறவர்களுக்கும் சொல்லவேண்டும். மாவட்ட நிர்வாகம் அதை வரம்போடு ஒப்பிட்டு, மறுநாள் எத்தனை மணிக்கு வயலிலிருந்தும் கட்டட வேலையிலிருந்தும் நூறு நாள் வேலையிலிருந்தும் கரையேற வேண்டும் என்று உள்ளூர் வானொலியிலும் ஊராட்சி ஒலிபெருக்கியிலும் அறிவிக்கலாம். வெயில் சதமடித்ததா என்று பார்ப்பதைவிட டெல்டாவுக்கு இது உபயோகமான செய்தி.